குறைமாதக் குழந்தை

குறைமாதக் குழந்தை என்பது தாயின் கருப்பையில் 37 வாரங்கள் நிறைவடைவதற்கு முன் உயிருடன் பிறக்கும் குழந்தை ஆகும். இது குறைப்பிரசவக் குழந்தை, மாதம் நிறையாத குழந்தை எனவும் அழைக்கப்படுகின்றது. இக்குழந்தைகள் எதிர்கொள்ளும் இடர்கள் பெரும்பாலும் நோயினால் வருவன அல்ல. கருப்பைக்குள் முடிந்திருக்க வேண்டிய உறுப்பு வளர்ச்சி முடியாத நிலையில், வெளியுலகில் மூச்சு விடவும் உணவு உண்ணவும் உடற்சூட்டைக் காக்கவும் வேண்டியிருப்பதே அவற்றுக்குக் காரணம் ஆகும். ஒரு குறைமாதக் குழந்தையின் எதிர்காலம் அது பிறந்த வாரத்தை மட்டும் பொறுத்ததன்று. பிறப்பதற்கு முந்தைய சில மணி நேரங்களிலும், பிறந்த பின் முதல் சில வாரங்களிலும், வீடு திரும்பிய பின்னும் கிடைக்கும் பராமரிப்பைப் பெரிதும் பொறுத்தது.

வரையறையும் வகைகளும்

கருக்காலம் என்பது தாயின் கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து கணக்கிடப்படுகின்றது. நிறைமாதம் என்பது 40 வாரங்கள், அதாவது 280 நாட்கள் ஆகும். 28 நாட்களை ஒரு மாதமாகக் கொண்டால் இது சரியாகப் பத்து மாதம் வரும். 'பத்து மாதம் சுமந்தாள்' என்னும் வழக்கு இக்கணக்கோடு பொருந்துகின்றது. கருக்காலத்தின் அடிப்படையில் குறைமாதப் பிறப்பு மூன்று வகையாகப் பிரிக்கப்படுகின்றது.

* மிக மிகக் குறைமாதம்: 28 வாரங்களுக்கு முன்
* மிகக் குறைமாதம்: 28 முதல் 32 வாரங்களுக்கு முன் வரை
* மிதமான, பிந்திய குறைமாதம்: 32 முதல் 37 வாரங்களுக்கு முன் வரை

குறைமாதமும் எடைக்குறைவும் ஒன்றல்ல. 2,500 கிராமுக்குக் குறைவான எடையுடன் பிறக்கும் குழந்தை எடை குறைந்த குழந்தை எனப்படும். அக்குழந்தை மாதம் நிறைந்தும், கருப்பையில் போதிய வளர்ச்சியின்றிச் சிறுத்துப் பிறந்திருக்கலாம். அவ்வாறே 36 வாரத்தில் பிறந்த குழந்தை 2,600 கிராம் எடையுடன் நிறைமாதக் குழந்தை போலத் தோற்றமளிக்கலாம். ஆயினும் அதன் உறுப்புகள் முதிர்ச்சி அடைந்திருக்கமாட்டா. எனவே எடையை மட்டும் கொண்டு முடிவு செய்தல் தவறாகும்.

எட்டாம் மாதம் பற்றிய நம்பிக்கை

ஏழாம் மாதத்தில் பிறந்த குழந்தை பிழைக்கும், எட்டாம் மாதத்தில் பிறந்தது பிழைக்காது என்னும் நம்பிக்கை தமிழ்நாட்டில் பரவலாக உள்ளது. பண்டைய கிரேக்க மருத்துவ நூல்களிலும் இதே கருத்து காணப்படுகின்றது. இது உண்மையன்று. கருப்பையில் கூடுதலாகக் கழியும் ஒவ்வொரு வாரமும் குழந்தை பிழைக்கும் வாய்ப்பை உயர்த்துகின்றது. 34 வாரத்தில் பிறந்த குழந்தையின் நுரையீரல் 30 வாரத்தில் பிறந்ததனுடையதை விட முதிர்ந்தது. இந்நம்பிக்கையால், எட்டாம் மாதத்தில் பிறந்த குழந்தையை மருத்துவமனைக்குக் கொண்டு செல்லத் தயங்குவது எளிதில் காப்பாற்றக்கூடிய உயிரை இழக்கச் செய்யும்.

பரவல்

2020 ஆம் ஆண்டில் உலகெங்கும் ஏறத்தாழ 1 கோடியே 34 இலட்சம் குழந்தைகள் குறைமாதத்தில் பிறந்ததாக உலக சுகாதார அமைப்பு மதிப்பிட்டுள்ளது. இது பத்துப் பிறப்புகளில் ஒன்று ஆகும். அவற்றுள் ஏறத்தாழ 30 இலட்சம் பிறப்புகள் இந்தியாவில் நிகழ்ந்தன. எண்ணிக்கையில் வேறெந்த நாட்டையும் விட இது அதிகம். ஐந்து வயதிற்குட்பட்ட குழந்தைகளின் இறப்புக்கு உலகளவில் முதன்மைக் காரணமாகக் குறைமாதப் பிறப்பின் சிக்கல்களே உள்ளன. 2019 ஆம் ஆண்டில் இவற்றால் ஏறத்தாழ 9 இலட்சம் குழந்தைகள் இறந்தனர்.

பிழைக்கும் வாய்ப்பு நாட்டுக்கு நாடு பெரிதும் வேறுபடுகின்றது. 28 வாரங்களுக்கு முன் பிறக்கும் குழந்தைகளில் பத்தில் ஒன்பதுக்கு மேற்பட்டவை வறிய நாடுகளில் முதல் சில நாட்களுக்குள் இறக்கின்றன. செல்வந்த நாடுகளில் அவ்வாறு இறப்பவை பத்தில் ஒன்றுக்கும் குறைவு. குழந்தைகளின் உடலமைப்பில் வேறுபாடு இல்லை. கிடைக்கும் பராமரிப்பே வேறுபடுகின்றது.

காரணங்கள்

குறைமாதப் பிறப்பு இரு வழிகளில் நிகழ்கின்றது. ஒன்று, பிரசவ வலி தானாகவே முன்கூட்டித் தொடங்குதல் அல்லது பனிக்குடம் முன்கூட்டி உடைதல். மற்றொன்று, தாய் அல்லது சேயின் உயிரைக் காக்க மருத்துவரே பிரசவத்தை முன்னதாக நடத்துதல். பின்வருவன இடரைக் கூட்டும் காரணிகள் ஆகும்.

* இரட்டை அல்லது அதற்கு மேற்பட்ட கரு
* முந்தைய குறைப்பிரசவம்
* கருக்கால உயர் குருதி அழுத்தமும் வலிப்பு முன்நிலையும்
* சிறுநீர்ப் பாதை, பிறப்புறுப்புத் தொற்றுகள்
* நீரிழிவு, குருதிச்சோகை
* மிக இளம் வயதில் கருத்தரித்தல், பிரசவங்களுக்கிடையே போதிய இடைவெளியின்மை
* புகைப்பிடித்தல், பிறர் விடும் புகையைச் சுவாசித்தல்
* கருப்பை வாய் வலுவின்மை

எனினும் பல பிறப்புகளில் எந்தக் காரணமும் கண்டறியப்படுவதில்லை. தாய் ஏதேனும் தவறு செய்ததால்தான் குழந்தை முன்னரே பிறந்தது என்று பழிப்பதற்கு மருத்துவ அடிப்படை இல்லை.

உடலின் வலுக்குறைவுகள்

நுரையீரல்

நுரையீரலில் உள்ள காற்று நுண்ணறைகளின் உட்புறம் ஈரமானது. நீரின் பரப்பு இழுவிசை அவ்வறைகளைச் சுருங்கச் செய்யும். இதைத் தடுக்க, கொழுப்பும் புரதமும் கலந்த ஒரு வழுவழுப்பான பொருளை நுரையீரல் சுரக்கின்றது. இச்சுரப்பு ஏறத்தாழ 24 ஆம் வாரத்தில் தொடங்கி, 34, 35 ஆம் வாரங்களில்தான் போதிய அளவை அடைகின்றது. அது போதாத குழந்தையின் நுண்ணறைகள் ஒவ்வொரு முறை மூச்சு விடும்போதும் ஒட்டிக்கொள்கின்றன. அடுத்த மூச்சுக்கு அவற்றை மீண்டும் திறக்க வேண்டியுள்ளதால் குழந்தை விரைவில் களைத்துவிடுகின்றது. மூச்சு வாங்குதல், முனகல், விலா எலும்புகளின் இடையே சதை உள்ளிழுத்தல், உடல் நீலம் பாரித்தல் ஆகியன இதன் அறிகுறிகள் ஆகும்.

இந்நோய்க்கு இச்சுரப்புக் குறைவே காரணம் என்பதை 1959 இல் மேரி எல்லன் ஏவரியும் செரி மீடும் கண்டறிந்தனர். அக்கண்டுபிடிப்பு சிகிச்சையாக மாறுவதற்கு முன், 1963 ஆகத்து மாதத்தில் அமெரிக்க அதிபர் கென்னடியின் மகன் பேட்ரிக் இந்நோயால் 39 மணி நேரத்தில் இறந்தான். அவன் ஐந்தரை வாரங்கள் முன்னதாக, ஏறத்தாழ 2.1 கிலோ எடையுடன் பிறந்தவன். இன்று அதே நிலையில் பிறக்கும் குழந்தை நல்ல மருத்துவமனையில் பெரும்பாலும் பிழைத்துவிடும். 1980 இல் யப்பானிய மருத்துவர் புசிவாரா, விலங்கு நுரையீரலிலிருந்து பெற்ற அப்பொருளைக் குழந்தையின் மூச்சுக்குழாய் வழியே செலுத்தி வெற்றி கண்டமையே இம்மாற்றத்தின் தொடக்கம் ஆகும். மூக்கின் வழியாகத் தொடர்ந்து மெல்லிய அழுத்தத்தில் காற்றைச் செலுத்தி நுண்ணறைகள் மூடாமல் வைத்திருக்கும் எளிய கருவியும் பல குழந்தைகளைக் காக்கின்றது.

மூளையில் உள்ள மூச்சுக் கட்டுப்பாட்டு மையம் முதிராமையால் இக்குழந்தைகள் இடையிடையே 20 நொடிகளுக்கு மேல் மூச்சை நிறுத்திவிடுவதுண்டு. காப்பியில் உள்ள கஃபீன் என்னும் பொருளே இதற்கு மருந்தாகப் பயன்படுகின்றது. நெடுநாள் செயற்கைச் சுவாசமும் ஆக்சிசனும் தேவைப்பட்ட குழந்தைகளுக்கு நாட்பட்ட நுரையீரல் நோய் உண்டாகலாம்.

மூளை

கருவின் மூளையில், நீர்மம் நிறைந்த அறைகளை ஒட்டி, புதிய உயிரணுக்களை உருவாக்கும் ஒரு பகுதி உண்டு. அங்குள்ள குருதிக் குழாய்கள் மிக மெல்லியவை. ஏறத்தாழ 32 முதல் 34 வாரங்களுக்குள் இப்பகுதி சுருங்கி மறைகின்றது. அதற்கு முன் பிறக்கும் குழந்தையின் குருதி அழுத்தம் திடீரென ஏறி இறங்கினால் அக்குழாய்கள் வெடித்துக் குருதி கசியலாம். பெரும்பாலான கசிவுகள் முதல் மூன்று நாட்களுக்குள் நிகழ்கின்றன. சிறு கசிவுகள் பெரும்பாலும் தீங்கின்றி ஆறிவிடும். பெரிய கசிவுகளும், மூளையின் வெண்பொருளில் ஏற்படும் சேதமும் பிற்காலத்தில் பெருமூளை வாதத்திற்குக் காரணமாகலாம். உச்சிக்குழி வழியாக எடுக்கப்படும் மீயொலிப் படத்தின் மூலம் இவற்றைக் கண்டறியலாம்.

இதயம்

கருவின் நுரையீரல் இயங்காமையால், குருதி அதனைத் தவிர்த்துச் செல்ல ஒரு இணைப்புக் குழாய் உள்ளது. நிறைமாதக் குழந்தையில் இது பிறந்த சில நாட்களில் மூடிக்கொள்ளும். குறைமாதக் குழந்தையில் இது திறந்தே இருந்து நுரையீரலுக்கு மிகுதியான குருதியை அனுப்பலாம். பல குழந்தைகளில் தானாக மூடிக்கொள்கின்றது. சிலருக்கு மருந்தோ அறுவை சிகிச்சையோ தேவைப்படுகின்றது.

குடலும் உணவூட்டமும்

உறிஞ்சுதல், விழுங்குதல், மூச்சு விடுதல் ஆகிய மூன்றையும் ஒருங்கே செய்யும் திறன் ஏறத்தாழ 34 ஆம் வாரத்தில்தான் வருகின்றது. அதற்கு முன் பிறந்த குழந்தைக்கு மூக்கு அல்லது வாய் வழியே இரைப்பைக்குச் செல்லும் மெல்லிய குழாய் மூலம் தாய்ப்பால் ஊட்டப்படுகின்றது. பின்னர் பாலாடையில் ஊட்டப்படுகின்றது. தமிழ் வீடுகளில் வழிவழியாக இருந்துவரும், கூரிய மூக்குடைய இச்சிறு கிண்ணம் இன்று இந்திய மருத்துவமனைகளின் பச்சிளங்குழந்தைப் பிரிவுகளில் வழக்கமான கருவியாகும். புட்டியை விட இதனைத் தூய்மை செய்வது எளிது. ஆயினும் ஒவ்வொரு முறையும் கொதிநீரில் இட்டெடுத்தல் வேண்டும்.

முதிராத குடலில் அழற்சி ஏற்பட்டுச் சுவர் அழுகும் கொடிய நோய் ஒன்று உண்டு. வயிறு உப்புதல், பச்சை நிற வாந்தி, மலத்தில் குருதி ஆகியன அதன் அறிகுறிகள். தாய்ப்பால் இதற்கெதிரான மிகச் சிறந்த காப்பு ஆகும். தாயிடம் பால் போதாதபோது பிற தாய்மார் கொடையாக அளித்துப் பதப்படுத்தப்பட்ட பால் அளிக்கப்படுகின்றது. இந்தியாவின் முதல் தாய்ப்பால் வங்கி 1989 இல் மும்பை சயான் மருத்துவமனையில் தொடங்கப்பட்டது. 2010களில் தமிழ்நாட்டின் அரசு மருத்துவமனைகளிலும் இத்தகைய வங்கிகள் ஏற்படுத்தப்பட்டன.

உடல் வெப்பம்

குறைமாதக் குழந்தையின் தோல் மெல்லியது. தோலடிக் கொழுப்பு குறைவு. எடையை நோக்க உடற்பரப்பு அதிகம். எனவே வெப்பமான ஊரிலும், மின்விசிறியின் கீழும் ஈரத் துணியிலும் குழந்தை விரைவில் குளிர்ந்துவிடும். உடல் வெப்பம் 36.5 பாகை செல்சியசுக்குக் கீழ் இறங்கினால், சூடு உண்டாக்குவதற்காகக் குருதியிலுள்ள சர்க்கரையும் ஆக்சிசனும் செலவாகின்றன. பிறந்தவுடன் குளிப்பாட்டுதல் கூடாது என்பதற்கு இதுவே காரணம்.

தொற்றும் பிற குறைபாடுகளும்

தாயின் நோய் எதிர்ப்புப் புரதங்கள் கருவுக்குப் பெரும்பாலும் கடைசி மூன்று மாதங்களில்தான் செல்கின்றன. இரும்பு, சுண்ணாம்புச் சத்துகளின் சேமிப்பும் அக்காலத்தில்தான் நிகழ்கின்றது. இவற்றை முழுமையாகப் பெறாமல் பிறப்பதால் குருதி நச்சாதல், குருதிச்சோகை, எலும்பு வலுவின்மை ஆகியன எளிதில் ஏற்படுகின்றன. கல்லீரல் முதிராமையால் மஞ்சள் காமாலை கடுமையாக இருக்கும். நிறைமாதக் குழந்தைக்குத் தீங்கு செய்யாத அளவு மஞ்சள் நிறமியும் குறைமாதக் குழந்தையின் மூளையையும் செவியையும் பாதிக்கக்கூடும். நீல ஒளியில் வைத்தல் இதற்குரிய சிகிச்சை ஆகும். இளவெயிலில் காட்டுவது இதற்கு ஈடாகாது.

விழித்திரை நோய்

விழித்திரையின் குருதிக் குழாய்கள் ஏறத்தாழ 16 ஆம் வாரத்தில் கண்ணின் பின்புறத்தில் முளைத்து, 40 ஆம் வாரத்தில்தான் விழித்திரையின் விளிம்பை முழுமையாக அடைகின்றன. குழந்தை முன்னரே பிறந்தால் இவ்வளர்ச்சி தடைப்படுகின்றது. அளவுக்கு மீறிய ஆக்சிசன் தடையை மிகுவிக்கின்றது. சில வாரங்களுக்குப் பின், குருதி கிடைக்காத விழித்திரைப் பகுதி எழுப்பும் தூண்டுதலால் ஒழுங்கற்ற புதுக் குழாய்கள் முளைக்கின்றன. அவை விழித்திரையை இழுத்துப் பிரித்துவிட்டால் பார்வை மீளாது.

1942 இல் பாசுடன் நகரக் கண் மருத்துவர் டெரி இந்நோயை விவரித்தார். வெப்பப் பெட்டிகளில் ஆக்சிசனைத் தாராளமாக அளித்த 1940களிலும் 1950களின் தொடக்கத்திலும் மேலை நாடுகளில் ஆயிரக்கணக்கான குழந்தைகள் பார்வையிழந்தன. 1950 இல் ஆறு வாரம் முன்னதாகப் பிறந்த அமெரிக்க இசைக்கலைஞர் சிடீவி வொண்டர் அவர்களுள் ஒருவர். 1951 இல் மெல்பேர்ண் மருத்துவர் கேட் கேம்பல் ஆக்சிசனுக்கும் இந்நோய்க்கும் உள்ள தொடர்பைச் சுட்டிக்காட்டினார். ஆயினும் ஆக்சிசனை மிகவும் குறைத்தால் குழந்தைகள் இறக்க நேரிடும். எனவே இன்று ஆக்சிசன் ஒரு மருந்தைப் போல் அளந்து கொடுக்கப்படுகின்றது.

இந்நோயின் தனித்தன்மை, வெளித்தோற்றத்தில் அறிகுறி ஏதும் இல்லாமையே ஆகும். குழந்தை பால் குடிக்கும், எடை கூடும், நலமாகத் தோன்றும். கண் மருத்துவர் கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்திட்டு உள்ளே பார்த்தால் மட்டுமே நோய் தெரியும். இந்திய வழிகாட்டுதல்களின்படி, 34 வாரங்களுக்கு முன் பிறந்த அல்லது 2,000 கிராமுக்குக் குறைந்த எடையுடைய எல்லாக் குழந்தைகளுக்கும் பிறந்த 30 நாட்களுக்குள் இப்பரிசோதனை செய்யப்பட வேண்டும். 28 வாரங்களுக்கு முன் பிறந்தவை அல்லது 1,200 கிராமுக்குக் குறைந்தவை இரண்டு முதல் மூன்று வாரங்களுக்குள் பரிசோதிக்கப்பட வேண்டும். உரிய காலத்தில் லேசர் கதிராலோ கண்ணினுள் செலுத்தும் ஊசி மருந்தாலோ பெரும்பாலான குழந்தைகளின் பார்வையைக் காக்கலாம்.

2015 ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பு

இப்பரிசோதனையின் இன்றியமையாமையை இந்தியாவில் பரவலாக அறியச் செய்தது தமிழ்நாட்டில் எழுந்த ஒரு வழக்கு ஆகும். 1996 இல் சென்னை எழும்பூர் அரசு மகளிர், குழந்தைகள் மருத்துவமனையில் 29 ஆம் வாரத்தில், 1,250 கிராம் எடையுடன் ஒரு பெண் குழந்தை பிறந்தது. ஒரு மாதம் நிறைவதற்குள் வீட்டிற்கு அனுப்பப்பட்டது. கண் பரிசோதனை செய்யப்படவில்லை. அத்தகைய பரிசோதனை தேவை எனப் பெற்றோரிடம் கூறப்படவும் இல்லை. சில மாதங்களுக்குப் பின் வேறொரு மருத்துவர் ஐயுற்றபோது நோய் முற்றியிருந்தது. வெளிநாட்டில் மேற்கொண்ட அறுவை சிகிச்சைகளும் பயனளிக்கவில்லை. குழந்தை பார்வையை இழந்தது.

தேசிய நுகர்வோர் ஆணையம் 2009 இல் மருத்துவத் தரப்பின் கவனக்குறைவை உறுதி செய்து 5 இலட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கியது. மேல்முறையீட்டில் உச்ச நீதிமன்றம் 2015 சூலை 1 அன்று, வாழ்நாள் முழுவதும் ஆகும் செலவையும் விலைவாசி உயர்வையும் கணக்கிட்டு, ஏறத்தாழ 1.8 கோடி ரூபாய் வழங்குமாறு ஆணையிட்டது. குழந்தையை உயிருடன் வீட்டுக்கு அனுப்புவதோடு மருத்துவமனையின் கடமை முடிவதில்லை, வரவிருக்கும் இடரைக் கண்டறிவதும் பெற்றோருக்கு அறிவிப்பதும் அக்கடமையின் பகுதி என்பதே இத்தீர்ப்பிலிருந்து பெறப்படும் பொருள் ஆகும்.

பராமரிப்பு

பிறப்பதற்கு முன்

குறைப்பிரசவம் நேரும் எனத் தெரிந்தால், தாய்க்கு ஊசி மூலம் அளிக்கப்படும் ஸ்டீராய்டு மருந்து குழந்தையின் நுரையீரலை விரைவில் முதிரச் செய்கின்றது. நியூசிலாந்து மருத்துவர்கள் லிகின்சும் ஓவியும் 1972 இல் இதனை நிறுவினர். விலை குறைந்த இம்மருந்து மூளைக் குருதிக்கசிவையும் குறைக்கின்றது. ஆனால் பிறப்பதற்குச் சில மணி நேரங்களுக்கு முன்னராவது அளிக்கப்பட வேண்டும். எனவே 37 வாரங்களுக்கு முன் வலி, நீர்க்கசிவு, குருதிப்போக்கு ஆகியவற்றுள் எது தோன்றினாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்வது இன்றியமையாதது. 32 வாரங்களுக்கு முன் பிறக்கவிருக்கும் குழந்தையின் மூளையைக் காக்கத் தாய்க்கு மக்னீசியம் சல்பேட்டும் அளிக்கப்படுகின்றது.

கங்காரு முறை

1978 இல் கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரில், வெப்பப் பெட்டிகள் போதாமையால், மருத்துவர் எட்கர் ரே குழந்தைகளைத் தாயின் மார்போடு தோல் தொடுமாறு கட்டி வைக்கும் முறையைத் தொடங்கினார். பற்றாக்குறையால் தோன்றிய இம்முறை, வளங்கள் உள்ள இடங்களிலும் சிறந்தது எனப் பின்னர் அறியப்பட்டது. இந்தியா உள்ளிட்ட ஐந்து நாடுகளில் 1 கிலோ முதல் 1.8 கிலோவுக்குக் குறைவான எடையுடைய 3,211 குழந்தைகளிடம் நடத்தப்பட்டு 2021 இல் வெளியான ஆய்வில், பிறந்தவுடன் இம்முறையைத் தொடங்கிய குழந்தைகளில் 28 நாட்களுக்குள் இறந்தோர் 12.0 விழுக்காடு, உடல்நிலை சீரான பின்னரே தொடங்கியோரில் 15.7 விழுக்காடு. 2022 இல் உலக சுகாதார அமைப்பு, எல்லாக் குறைமாதக் குழந்தைகளுக்கும் நாளொன்றுக்கு 8 முதல் 24 மணி நேரம் இதனைப் பரிந்துரைத்தது. தாய் இயலாதபோது தந்தையோ பாட்டியோ குழந்தையை ஏந்தலாம். சேலைத் துணி ஒன்றே இதற்குப் போதுமானது.

வீடு திரும்பிய பின்

குறைமாதக் குழந்தையின் வளர்ச்சியைத் திருத்திய வயதைக் கொண்டு அளவிட வேண்டும். 32 வாரத்தில் பிறந்த குழந்தை எட்டு வாரம் முன்னதாகப் பிறந்தது. அது பிறந்து ஆறு மாதம் ஆனபோது அதன் திருத்திய வயது நான்கு மாதம் ஆகும். தலை நிற்பதும், குப்புற விழுவதும், உட்காருவதும் இவ்வயதிற்கேற்பவே எதிர்பார்க்கப்படும். இரண்டு ஆண்டுகள் வரை இக்கணக்கு பின்பற்றப்படுகின்றது. ஆனால் தடுப்பூசிகள் பிறந்த நாளைக் கொண்டே போடப்பட வேண்டும். மாதம் நிறையவில்லை எனக் கருதித் தள்ளிப்போடுதல் கூடாது.

வீடு திரும்பிய குழந்தைக்குத் தேவைப்படுவன:

* விழித்திரைப் பரிசோதனை, மருத்துவர் போதும் எனக் கூறும்வரை மீண்டும் மீண்டும்
* ஒரு மாதத்திற்குள் செவித்திறன் சோதனை. குறை ஐயப்பட்டால் மூன்று மாதத்திற்குள் உறுதி செய்தல், ஆறு மாதத்திற்குள் சிகிச்சை தொடங்குதல்
* எடை, நீளம், தலைச் சுற்றளவு ஆகியவற்றின் அளவீடு
* மருத்துவர் அறிவுரைப்படி இரும்புச்சத்து, உயிர்ச்சத்து டி சொட்டு மருந்துகள்
* தசை இறுக்கம், அசைவு, பார்வை, பேச்சு ஆகியவற்றின் தொடர் கண்காணிப்பு

குளித்தபின் சாம்பிராணிப் புகை காட்டுதல் முதிராத நுரையீரலுக்குத் தீங்கானது. மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுதல், கழுதைப்பாலோ சர்க்கரைத் தண்ணீரோ புகட்டுதல் ஆகியவற்றால் நுரையீரல் அழற்சியும் குடல் தொற்றும் ஏற்படலாம். பால் குடிக்க மறுத்தல், உடல் சில்லிடுதல், சோர்வு, மூச்சு வேகமாதல், மூச்சு நிற்றல், உள்ளங்காலிலும் மஞ்சள் பரவுதல் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

நெடுங்கால நிலை

பெரும்பாலான குறைமாதக் குழந்தைகள் நலமாக வளர்ந்து, பள்ளி சென்று, பணி செய்து, குடும்பம் நடத்துகின்றனர். ஆயினும் கருக்காலம் குறையக் குறைய இடர் மிகுகின்றது.

பெருமூளை வாதம், பார்வைக் குறை, செவிக் குறை ஆகியன பெரிய குறைபாடுகள் ஆகும். இவை மிகக் குறைமாதத்தில் பிறந்தோரிடையே கூடுதலாகக் காணப்படுகின்றன. இவற்றை விடப் பரவலானவை சிறிய குறைபாடுகள். கணக்கில் பின்தங்குதல், கவனம் சிதறுதல், எழுதுகோலைப் பிடிப்பது போன்ற நுண்ணிய கை அசைவுகளில் தடுமாற்றம் ஆகியன பள்ளிப் பருவத்தில்தான் வெளிப்படுகின்றன. அப்போது குழந்தை குறைமாதத்தில் பிறந்தது என்பதே மறந்துபோயிருக்கும். சோம்பேறி எனத் தண்டிக்கப்படும் மாணவர் ஒருவருக்கு உண்மையில் தேவைப்படுவது பயிற்சியாக இருக்கலாம். எனவே பிறந்த வாரத்தைப் பள்ளியிலும் தெரிவித்தல் நன்று.

வளர்ந்த பின்னும் சில விளைவுகள் தொடர்கின்றன. நுரையீரல் கொள்ளளவு சற்றுக் குறைவாக இருக்கலாம். ஆகவே இவர்கள் புகைப்பிடித்தல் கூடாது. சிறுநீரகத்தின் வடிகட்டும் அலகுகள் ஏறத்தாழ 36 ஆம் வாரம் வரையே உருவாகின்றன. முன்னரே பிறந்தோர்க்கு அவை குறைவாக இருப்பதால் உயர் குருதி அழுத்தமும் சிறுநீரக நோயும் வரும் வாய்ப்பு சற்றுக் கூடுதல். நீரிழிவுக்கான வாய்ப்பும் அவ்வாறே.

சுவீடன் நாட்டில் 1973 முதல் 1997 வரை பிறந்தவர்களை 2015 வரை தொடர்ந்த ஆய்வு 2019 இல் வெளியானது. குறைமாதத்தில் பிறந்தோரில் ஏறத்தாழ 55 விழுக்காட்டினர் பெரிய நோய் ஏதுமின்றி வாழ்ந்தனர். நிறைமாதத்தில் பிறந்தோரில் இது 63 விழுக்காடு. 28 வாரங்களுக்கு முன் பிறந்தோரிடையே 22 விழுக்காடு மட்டுமே. குறைமாதப் பிறப்பு முழுவதையும் ஒன்றாக நோக்கினால் வேறுபாடு சிறியது. மிக முன்னதாகப் பிறந்தோர்க்கு அது பெரியது என்பதை இவ்வெண்கள் காட்டுகின்றன. பொகோட்டாவில் கங்காரு முறையில் வளர்ந்த குழந்தைகளை இருபது ஆண்டுகளுக்குப் பின் ஆராய்ந்தபோது, மற்றவர்களை விட அவர்களிடம் அமைதியின்மையும் முரட்டுத்தனமும் குறைவாகக் காணப்பட்டன.

காஞ்சிபுரம் வட்டாரத்தில் தொடர் கவனிப்பு

காஞ்சிபுரத்தை அடுத்து வேகவதி ஆற்றங்கரையில் அமைந்த திருப்பருத்திக்குன்றம், ஜினகாஞ்சி எனப்படும் பழைமையான சமணத் தலம். காஞ்சிபுரமும் அதனைச் சூழ்ந்த ஊர்களும் பட்டு நெசவுக்குப் பெயர் பெற்றவை. இவ்வட்டாரத்திற்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உள்ள செங்கல்பட்டு ஏறத்தாழ 40 கிலோமீட்டரும், சென்னை ஏறத்தாழ 75 கிலோமீட்டரும் தொலைவில் உள்ளன. 2008 முதல் தமிழ்நாட்டில் இயங்கும் 108 அவசர ஊர்திச் சேவை பிரசவத்தின்போது ஏற்படும் தொலைவைக் குறைத்துள்ளது. 2020 ஆம் ஆண்டு மாதிரிப் பதிவுக் கணக்கின்படி ஆயிரம் பிறப்புகளுக்கு ஒரு வயதிற்குள் இறக்கும் குழந்தைகள் இந்தியாவில் 28, தமிழ்நாட்டில் 13 ஆகும்.

பிழைக்கும் குழந்தைகள் மிகுந்தமையால், அடுத்த கட்டமான தொடர் கவனிப்பு முன்னிலும் முதன்மை பெறுகின்றது. அதற்கு அவசர ஊர்தி வருவதில்லை. கூலிக்கு நெய்யும் குடும்பத்தில் மறுபரிசோதனைக்காகச் செல்லும் ஒவ்வொரு நாளும் தறி நிற்கும் நாளாகும். குழந்தை நலமாகத் தோன்றும்போது அப்பயணம் தேவையற்றதாகவும் படலாம். ஆனால் விழித்திரை நோய் முற்றுவது அந்த நாட்களில்தான். 2013 இல் தொடங்கப்பட்ட தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் கீழ் விழித்திரை நோய், செவிக் குறை, வளர்ச்சித் தாமதம் ஆகியவற்றுக்கான பரிசோதனையும் சிகிச்சையும் இலவசமாக அளிக்கப்படுகின்றன. மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையங்களில் பயிற்சிகளும் அளிக்கப்படுகின்றன. குழந்தையை வீட்டிற்கு அழைத்துச் செல்லும் நாளிலேயே கண் பரிசோதனைக்குரிய தேதியையும் இடத்தையும் மருத்துவமனைச் சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுதல் பெற்றோர் செய்யக்கூடிய எளிய, பயன்மிக்க செயல் ஆகும்.

இவற்றையும் பார்க்கவும்

* கருக்காலம்
* தாய்ப்பால் ஊட்டல்
* பெருமூளை வாதம்
* பச்சிளங்குழந்தை மஞ்சள் காமாலை
* விழித்திரை